புது ஸ்போர்ட்ஸ் கேம்: வெளியான அன்றே வாங்குவதா, பொறுத்து வாங்குவதா?

டிவிக்குக் கீழே இருந்த அலமாரியைக் காலி செய்தபோது ஃபிஃபா 17 முதல் ஃபிஃபா 22 வரை ஆறு கால்பந்து கேம் டிஸ்க் வரிசையாக நின்றன. ஆறையும் சேர்த்து 30 சிங்கப்பூர் வெள்ளி என்று, பழைய பொருள் விற்கும் கேரோசெல் தளத்தில் போட்டேன். இரண்டு வாரம் யாரும் சீந்தவில்லை. 20 ஆக்கினேன். தேசிய சேவையில் இருக்கும் ஒரு தம்பி ஈசூன் எம்ஆர்டி நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நிலைய வாசலில் நின்று ஒவ்வொரு டிஸ்க்காக எடுத்து, விளக்குக்கு நேரே சாய்த்து, கீறல் தெரிகிறதா என்று மெல்லத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, “மத்தத வச்சு இன்னைக்கு என்ன அங்கிள் பண்றது? இது ரெண்டுக்கும் பத்து வெள்ளி தரேன்” என்றார்.

ஆறு டிஸ்க்குக்கும் நான் கொடுத்திருந்தது ஏறக்குறைய 480 வெள்ளி. தம்பி சொன்னதில் தப்பே இல்லை. சாகச விளையாட்டை ஐந்து வருஷம் கழித்து வாங்கினாலும் கதை அதே கதைதான். ஸ்போர்ட்ஸ் கேமுக்கு அட்டையிலேயே வருஷத்தை அச்சடித்துவிடுகிறார்கள். அடுத்த எண் கடைக்கு வந்த மறுநாளே நம்முடையது பழசு. அதனால் இதை வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த மாதங்களில் நாம் உண்மையிலேயே விளையாடப் போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கணக்குதான்.

முதல் படி: போன வருஷம் எப்போது நிறுத்தினீர்கள்?

“வருஷம் பூரா விளையாடுவேன்” என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையைச் சொல்வது, கேமில் ஓர் இலக்கை முடித்தால் கிடைக்கும் டிராஃபிகளின் பட்டியல். பிளேஸ்டேஷனில் ஒவ்வொரு டிராஃபிக்கும் அது கிடைத்த தேதி பதிவாகியிருக்கும். ஸ்டீமில் அச்சீவ்மென்ட்டுக்கும் அப்படியே. போன வருஷத்துக் கேமைத் திறந்து முதல் தேதியையும் கடைசித் தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

எங்கள் வீட்டுத் தாளைச் சொல்கிறேன். வாங்கியது செப்டம்பர் கடைசியில். முதல் டிராஃபி அக்டோபர் 19. அதாவது மூன்று வாரம் அது சும்மா கிடந்திருக்கிறது. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மளமளவென்று ஏறியிருக்கிறது. ஜனவரி 2க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை, அன்றைக்குப் பள்ளி திறந்தார்கள். முழு விலை கொடுத்து வாங்கிய பொருளை ஏழு வாரம் விளையாடியிருக்கிறோம். அந்த ஏழு வாரத்தில் பெரும்பகுதி விலை இறங்கிய பிறகு வந்தது.

தேதிகளோடு, எந்தப் பகுதியில் நேரம் போனது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். கால்பந்தில் ஆட்டக்காரர் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டி ஆன்லைனில் மோதும் அல்டிமேட் டீம் ஆடுபவருக்கும், கேரியர் மோடில் ஒரே கிளப்பை வைத்துப் பத்து சீசன் ஓட்டுபவருக்கும், சனிக்கிழமை இரவு சோபாவில் தம்பியோடு மோதுபவருக்கும் பதில் வேறு வேறு.

அல்டிமேட் டீம்காரருக்கு முதல் மாதம்தான் தங்கம். அப்போது எல்லார் கையிலும் சாதாரண அட்டைகள்தான் இருக்கும். ஜனவரியில் ஆண்டின் சிறந்த அணி அட்டைகள், ஏப்ரல் கடைசியிலிருந்து சீசனின் சிறந்த அணி அட்டைகள் என்று வரவர எதிரணி அசுர பலத்தோடு நிற்கும். நடுவில் சேருபவர் முதல் சில வாரம் அடி வாங்கத்தான் வேண்டும். சேர்த்த அணியும் அடுத்த வருஷப் பதிப்புக்குக் கூட வராது. ஆகவே இவர் முதல் நாளே வாங்கினால் அது ஊதாரித்தனம் இல்லை. கூடைப்பந்து கேமான என்பிஏ 2கே-யில், சொந்தமாக ஓர் ஆட்டக்காரரை வளர்க்கும் மைகேரியரை ஆன்லைனில் ஆடுபவருக்கும் இதே கதைதான். எல்லாரும் 60 என்ற மதிப்பெண்ணில் ஆட்டக்காரரைத் தொடங்குவார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால், சேர்த்துக்கொள்ளவே ஆள் யோசிப்பார்கள்.

சோபாக்காரருக்கு இந்த அவசரம் எதுவும் இல்லை. கேரியர்காரருக்குச் சொல்லப்போனால் தாமதமே லாபம். அதற்குள் பிழைகளைச் சரிசெய்திருப்பார்கள், ஆட்டக்காரர் மாற்றங்களும் ஏறியிருக்கும்.

இரண்டாம் படி: இரண்டு காலண்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

முதலாவது கேம் கம்பெனிகளின் காலண்டர். இது கிட்டத்தட்ட நம்ம ஊர் பள்ளி விடுமுறை போல நிலையானது. என்பிஏ 2கே செப்டம்பர் முதல் வாரம் வரும்: 2கே25 வந்தது 2024 செப்டம்பர் 6, 2கே26 வந்தது 2025 செப்டம்பர் 5. ஈஏ நிறுவனத்தின் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி (பழைய ஃபிஃபா தொடரின் புதுப் பெயர்) செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை: எஃப்சி 24 2023 செப்டம்பர் 29, எஃப்சி 25 2024 செப்டம்பர் 27, எஃப்சி 26 2025 செப்டம்பர் 26. கார் பந்தய கேமான எஃப்1 மே கடைசி அல்லது ஜூன். மல்யுத்த கேமான டபிள்யுடபிள்யுஇ 2கே சமீப காலமாக மார்ச். கால்பந்து அணியை நிர்வகிக்கும் ஃபுட்பால் மேனேஜர் பொதுவாக நவம்பர்.

இரண்டாவது உங்கள் வீட்டுக் காலண்டர். தொடக்கநிலை ஆறில் பிள்ளை இருக்கும் வீட்டில் எஃப்சி வெளிவரும் வாரமும், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ.-யின் எழுத்துத் தேர்வு வாரமும் மேலே மேலே விழும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆனால் நம் வீட்டில் வெடிப்பது அதே வாரத்தில்தான். தேர்வு முடிந்ததும் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர்கள், அந்த வாக்கை “பள்ளி விடுமுறை தொடங்கியதும்” என்று மாற்றிக்கொண்டால், தேர்வுக்கும் விடுமுறைக்கும் நடுவே உள்ள ஏழு வார இடைவெளியிலேயே பாதிக் காசு மிஞ்சும். ஏன் என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

தேசிய சேவைக்குப் போகப் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சியில் இருக்கும்போது வார இறுதியில் புக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்தால் பாதி நேரம் தூக்கத்திலேயே போய்விடும். மீதியை அம்மாவின் சமையலும் நண்பர்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். தினமும் புதுச் சவால் போடும் அல்டிமேட் டீமுக்காக அந்த மாதங்களில் முழு விலை கொடுக்காதீர்கள். அலுவலகப் பணிக்கு மாறி, மாலையில் வீடு திரும்பும் வாழ்க்கை வந்த பிறகு யோசிக்கலாம்.

மூன்றாம் படி: இந்த வருஷம் நிஜமாகவே என்ன மாறியிருக்கிறது?

டிரெய்லரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லா வருஷமும் வியர்வைத் துளி மின்னும், புல் அசையும், “இதுவரை இல்லாத உயிரோட்டம்” என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. உங்கள் கருவிக்கு வருகிற பதிப்பு எது? நீங்கள் ஆடும் பகுதியில் கை வைத்திருக்கிறார்களா?

முதல் கேள்வியை அலட்சியப்படுத்தியவர்கள் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். நின்டெண்டோ ஸ்விட்ச்சில் ஃபிஃபா 20 முதல் 23 வரை நான்கு வருஷமும் வந்தவை “லெகஸி எடிஷன்”. அணிப் பட்டியலும் சீருடையும் புதுசு, ஆட்டம் பழையதேதான். அட்டையிலேயே அப்படிப் போட்டிருந்தார்கள், நாம்தான் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டோம். கணினியில் ஃபிஃபா 21, 22 இரண்டும் பழைய தலைமுறைக் கருவிக்கான ஆட்டமாகவே வந்தன. ஃபிஃபா 23-இல்தான் பிளேஸ்டேஷன் 5-இல் இருக்கும் ஆட்டம் கணினிக்கும் கிடைத்தது. என்பிஏ 2கே கணினிக்காரர்கள் அதற்கு 2கே25 வரை காத்திருந்தார்கள். இப்படித் தலைமுறை தாண்டும் வருஷம் ஒன்று வந்தால் அது முதல் மாதத்திலேயே வாங்கத் தகுந்த வருஷம். மற்ற வருஷங்கள் பெரும்பாலும் அப்படி இல்லை.

இரண்டாவது கேள்விக்கு நல்ல உதாரணம் எஃப்1. அதில் வரும் “பிரேக்கிங் பாயின்ட்” என்ற கதைப் பகுதி ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான்: எஃப்1 2021, எஃப்1 23, எஃப்1 25. கதைக்காக ஆடுபவர் எஃப்1 24-ஐத் தாண்டிப் போயிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. ஆன்லைன் லீக்கில் நண்பர்களோடு ஓட்டுபவருக்கு அது பொருந்தாது, கூட்டம் எங்கே போகிறதோ அங்கேதான் அவரும் போக வேண்டும். 2026-க்கு என்று தனி எஃப்1 கேம் இல்லை என்றும், எஃப்1 25-க்கே 2026 சீசனைக் கட்டணக் கூடுதல் தொகுப்பாகத் தருவதாகவும், அடுத்த முழு விளையாட்டு 2027-இல் என்றும் ஈஏ அறிவித்துவிட்டது. மரீனா பே இரவுப் பந்தயத்தை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு அந்த வேகத்திலேயே வீட்டுக்கு வந்து கேம் வாங்குகிற நம்ம ஊர்க்காரர்களுக்கு இது ஒரு விதத்தில் வசதிதான். இந்த ஒரு தடவை “அடுத்தது வந்துவிடுமோ” என்ற பயம் இல்லை.

கால்பந்தில் எஃப்சி 25 ஐவர் ஆடும் “ரஷ்” பகுதியைக் கொண்டுவந்தது. எஃப்சி 26 ஆன்லைனுக்கு ஒரு வேகம், கேரியருக்கு நிஜ ஆட்டத்தை ஒட்டிய இன்னொரு வேகம் என்று ஆட்டப் போக்கையே இரண்டாகப் பிரித்தது. கேரியர்காரருக்கு இந்த இரண்டாவது மாற்றம் ரஷ்ஷைவிடப் பெரியது என்பது என் கருத்து.

இன்னொன்று. மாமன் மகனோ பள்ளித் தோழனோ உங்களோடு ஆன்லைனில் ஆடுவதாக இருந்தால், எஃப்சி 25 வைத்திருப்பவரும் எஃப்சி 26 வைத்திருப்பவரும் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது. வாட்ஸ்அப் குழுவில் “யார் யார் எது வாங்குறீங்க?” என்று ஒரு கேள்வி போட்டுவிட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: பத்து மணி நேரத்தைச் சரியாகச் செலவழியுங்கள்

ஈஏ பிளே சந்தாவுக்கு மாதம் சில வெள்ளிதான். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் வைத்திருந்தால் அதற்குள்ளேயே இருக்கிறது. அதில் புது எஃப்சியைப் பத்து மணி நேரம் ஆடிப் பார்க்கலாம். பிறகு வாங்கினால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், வாங்கும்போது 10% தள்ளுபடியும் உண்டு. பலரும் செய்யும் தப்பு, முதல் நாள் அறிமுகக் காட்சிகளிலும் சீருடை தேர்வு செய்வதிலுமே இரண்டு மணி நேரத்தைக் கரைத்துவிடுவது. மெனுவில் சும்மா விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடும். கேமை முழுசாக மூடிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

நான் பிரிக்கும் விதம் இது. முதல் மூன்று மணி நேரம் நான் வழக்கமாக ஆடும் பகுதி, என் வழக்கமான அணி. புதுப் பகுதிகளை அப்போது தொடவே மாட்டேன். அடுத்த இரண்டு மணி நேரம் ஆன்லைன், அதுவும் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். நான் நிஜமாக விளையாடப் போகிற நேரம் அதுதான், வீட்டு வைஃபையில் எல்லாரும் ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான். நான் பொத்தானை அழுத்துவதற்கும் ஆட்டக்காரர் பந்தை உதைப்பதற்கும் நடுவே இழுக்கிறதா என்று கவனிப்பேன். மீதி ஐந்து மணி நேரத்தை இரண்டு வாரம் தொடமாட்டேன். அதற்குள் முதல் அப்டேட் வந்துவிடும். முதல் வாரம் குதிரை மாதிரி ஓடிய ஆட்டக்காரர்கள் அந்த அப்டேட்டுக்குப் பிறகு நடக்க ஆரம்பிப்பது புதுசில்லை. நீங்கள் வருஷம் முழுக்க ஆடப் போவது அந்த இரண்டாவது ஆட்டத்தை.

சோதனைப் பதிப்பு கிடைக்காத கேமை ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழிய, அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அதனால் அங்கே வாங்கியதும் கருவி தானாகப் பதிவிறக்காமல் இருக்க அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

ஐந்தாம் படி: விலை எப்படி இறங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கணக்குக்காகப் புது கேம் 90 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவு செய்து விலை கூடிய பதிப்பை வாங்குபவர் இன்னும் மேலே கொடுத்து ஏழு நாள் முன்னதாக ஆடுவார். வெளியீட்டு நாளில் 90. அக்டோபர் 10, நவம்பர் 11 தேதிகளில் 10.10, 11.11 தள்ளுபடி என்று இணையக் கடைகள் கூப்பாடு போடும்போது டிஸ்க்கில் பத்துப் பதினைந்து வெள்ளி குறையலாம், குறையாமலும் போகலாம். நவம்பர் கடைசியில் கறுப்பு வெள்ளி (பிளாக் ஃபிரைடே) தள்ளுபடி. கால்பந்தும் கூடைப்பந்தும் அப்போது டிஜிட்டல் கடைகளில் பாதி விலைப் பக்கம் இறங்குவது கடந்த சில வருஷங்களாகப் பழகிப்போன காட்சி. வெளியாகி இரண்டே மாதம்! நம்ம ஊர் நீண்ட பள்ளி விடுமுறையும் அந்தச் சமயத்தில்தான் தொடங்கியிருக்கும். எங்கள் வீட்டில் விளையாடியதாக முதல் படியில் சொன்ன ஏழு வாரத்தில் பெரும்பகுதி இதுதான்.

அதற்கப்புறம் வசந்தம். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாக்காரர்களுக்கு ஃபிஃபா 22 2022 மே மாதமும், எஃப்சி 24 2024 மே மாதமும், என்பிஏ 2கே25 2025 ஜூன் மாதமும் கூடுதல் காசு இல்லாமல் கிடைத்தன. எல்லா வருஷமும் இப்படி நடக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம், 2023 மே மாதம் கால்பந்து வரவில்லை. ஆனால் ஏற்கெனவே சந்தா கட்டுகிற வீடாக இருந்து, ஏப்ரல் மாதம் 30 வெள்ளிக்கு வாங்கலாமா என்று கை துறுதுறுத்தால், மே மாதப் பட்டியல் வரும்வரை பொறுங்கள். ஜூன் விடுமுறைக்கு அதுவே போதும்.

ஆக, ஒரு மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். முதல் நாளிலிருந்து ஜூலை வரை விடாமல் ஆடுகிற அல்டிமேட் டீம்காரருக்கு 90 வெள்ளி பத்து மாதத்துக்கு: மாதம் 9 வெள்ளி. எங்கள் வீட்டுக்கு 90 வெள்ளி ஏழு வாரத்துக்கு. அதையே 45-க்கு வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட அதே ஏழு வாரம் பாதிச் செலவில் முடிந்திருக்கும், சில ஆட்டம்தான் குறைந்திருக்கும்.

வரியைத் தப்பிக்க வெளிநாட்டுக் கடையில் வாங்கும் பழைய யோசனை இப்போது அவ்வளவாக எடுபடாது. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதலும், அங்கிருந்து தருவிக்கும் 400 வெள்ளிக்குள்ளான பொருள்களுக்கு 2023 ஜனவரி 1 முதலும் பொருள் சேவை வரி உண்டு. 2024-லிருந்து அது 9%.

ஆறாம் படி: முன்பதிவுக்கு முன் மூன்று பழைய சங்கதி

ஃபுட்பால் மேனேஜர் 25-ஐ முதலில் 2024 நவம்பருக்கு என்றார்கள், பிறகு 2025 மார்ச்சுக்குத் தள்ளினார்கள், கடைசியில் 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். முன்பதிவு செய்தவர்களுக்குப் பணம் திரும்பியது என்றாலும் ஒரு சீசன் போனது போனதுதான். ஃபுட்பால் மேனேஜர் 26 2025 நவம்பர் 4 அன்று வந்தபோது ஸ்டீமில் விமர்சனங்கள் கடுமையாகவே இருந்தன. டபிள்யுடபிள்யுஇ 2கே20 கதை இன்னும் வேடிக்கை. 2020 ஜனவரி 1 பிறந்ததும் அது திறக்கவே மறுத்தது. கேமின் பெயரிலேயே இருக்கும் வருஷம் பிறந்த அன்றைக்கு! சரிசெய்தார்கள், ஆனால் அதற்கடுத்த வருஷம் வழக்கமான தொடரில் கேமே வெளியிடாமல் இருந்துவிட்டு 2022-இல்தான் திரும்பினார்கள். கோனாமியின் ஈஃபுட்பால் 2021 செப்டம்பர் 30 அன்று வெளியாகி, ஆட்டக்காரர்களின் முகங்கள் கோணலாகத் தெரிந்த படங்களால் இணையம் முழுக்க கேலிக்கு ஆளானது. அதன் 1.0 பதிப்பு வர 2022 ஏப்ரல் ஆனது. நல்ல வேளை, அது இலவசம். அதை வைத்து ஒரு கூடுதல் யோசனை: கால்பந்து ஆசை முதல் வாரத்திலேயே தாங்க முடியவில்லை என்றால் ஈஃபுட்பாலை இறக்கி ஒரு மாதம் ஓட்டுங்கள். நவம்பர் தானாக வந்துவிடும்.

டிஜிட்டலாக விற்கும் பொருள் கையிருப்புத் தீர்ந்து போகாது. முன்பதிவில் கிடைப்பது ஏழு நாளும் சில அட்டைகளும் மட்டுமே. போட்டிகளில் ஆடுபவருக்கு அந்த ஏழு நாள் பெறுமானமுள்ளது. மற்றவர்கள் கடக்கலாம்.

கிரிக்கெட்டுக்கு மட்டும் தனிக் கணக்கு

நம்ம ஆட்கள் கால்பந்தை ரசிப்பார்கள், ஆனால் கூடிப் பேசுவது கிரிக்கெட். அதில் வருஷா வருஷம் புதுப் பதிப்பு என்ற வழக்கம் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் நிறுவனம் கிரிக்கெட் 19, கிரிக்கெட் 22, கிரிக்கெட் 24 என்று இடைவெளி விட்டுத்தான் வெளியிட்டது. கிரிக்கெட் 22 வெளியாகப் போன நேரத்தில் அட்டையில் இருந்த ஆஸ்திரேலியக் கேப்டன் டிம் பெய்ன் பதவி விலக, அட்டையை மாற்றுவதற்காக ஒரு வாரம் தள்ளிப்போய் 2021 டிசம்பர் 2 அன்று வந்தது. கிரிக்கெட் 24 வந்தது 2023 அக்டோபர் 5, அகமதாபாத்தில் உலகக் கோப்பை தொடங்கிய அதே நாள்.

உலகக் கோப்பைச் சூட்டில் வாங்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த வகை கேம்கள் மெல்ல மெல்லத்தான் பழுக்கும். ஃபீல்டர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நிற்பது, தெளிவான ரன் அவுட்டுக்கு நடுவர் ‘இல்லை’ என்று தலையாட்டுவது போன்றவை அப்டேட் அப்டேட்டாகத்தான் சரியாகும். உரிமம் இல்லாத அணிகளின் நிலவரமும் அப்படித்தான். இணையத்தில் ரசிகர்களே நிஜ ஆட்டக்காரர்களின் முகம், பெயர், சீருடை எல்லாம் செய்து ஏற்றுவார்கள். அதை நாம் கேமுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளலாம். அந்த வேலை முடிய ஓரிரண்டு மாதம் ஆகும். இரண்டு வருஷம் ஓடப் போகிற கேம் என்பதால் மூன்று நான்கு மாதம் தாமதித்தாலும் முக்கால்வாசிக்கு மேல் ஆயுள் மீதி இருக்கும். கால்பந்தில் இந்தச் சலுகை கிடையாது.

திருச்சியில் இருக்கும் என் மச்சான் இந்தப் படி எதையும் கேட்கமாட்டான். 2006-இல் வந்த ஈஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07-இலேயே இன்னும் ஆடுகிறான். ஒவ்வொரு ஐபிஎல்லுக்கும் யாரோ ரசிகர் புது அணிகளைத் திணித்து ஒரு பேட்ச் போட்டுவிடுகிறார். “மாப்ள, போன வாரம் ஏலத்துல எடுத்தவன் என் டீம்ல வந்துட்டான், ஒன்னோடதுல வந்துட்டானா?” என்று கேட்பான். வந்திருக்காது.

ஏழாம் படி: டிஸ்க்கா, டிஜிட்டலா?

முதல் நாள் வாங்கித்தான் தீருவேன் என்பவருக்கு டிஸ்க் ஒரு பாதுகாப்பு. ஆடி முடித்து நவம்பர் விலைச்சரிவுக்கு முன்பே விற்றுவிட்டால், உண்மையான செலவு வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் தள்ளுபடி தொடங்கிய மறுநாள் உங்கள் டிஸ்க்கை யாரும் பழைய விலைக்குக் கேட்கமாட்டார்கள். விற்பதாக இருந்தால் தீபாவளியை ஒட்டியே விற்றுவிடுங்கள். ஜனவரியில் அலமாரியில் அடுக்கி வைத்தால் அது என்னுடைய ஆறு டிஸ்க் கதைதான்.

வாங்குவதற்கு முன் உங்கள் கருவியைத் திரும்பிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷனில் டிஸ்க் போடும் இடமே இல்லை. பிளேஸ்டேஷன் 5 புரோவிலும் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். அக்கா மகன் பிறந்தநாளுக்கு டிஸ்க் வாங்கி, பளபளக்கும் தாள் சுற்றிக் கொடுத்து, அவன் பிரித்துவிட்டு “தேங்க்ஸ் மாமா... ஆனா இதை எங்க போடுறது?” என்று கேட்ட நாளிலிருந்து நான் அக்காவிடம் கருவியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

வேறு நாட்டு டிஸ்க் நம்ம பிளேஸ்டேஷன் 5-இல் ஓடும். ஆனால் அதோடு வரும் குறியீடும், பிறகு வாங்கும் புள்ளிகளும் அந்த நாட்டுக் கணக்கோடு கட்டப்பட்டவை. ஜோகூரில் வாங்கிய பிளேஸ்டேஷன் பணக் கார்டும் சிங்கப்பூர்க் கணக்கில் ஏறாது.

எட்டாம் படி: மலிவு என்று மிகப் பழசை வாங்காதீர்கள்

பொறுத்து வாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. என்பிஏ 2கே22-இன் சர்வர் 2023 டிசம்பர் 31 அன்றும், 2கே23-இன் சர்வர் 2024 டிசம்பர் 31 அன்றும் நிறுத்தப்பட்டன. வெளியாகி இரண்டு வருஷமும் சில மாதமும்தான் ஆயுள். அந்தக் கடைசி நவம்பரில் பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறதே என்று வாங்கியவருக்கு ஆன்லைன் ஒன்றிரண்டு மாதம்தான் கிடைத்திருக்கும். கால்பந்தில் இன்னொரு விதம்: ஃபிஃபாவோடு இருந்த உரிமம் முடிந்ததும், 2023 செப்டம்பரில் எஃப்சி 24 வருவதற்கு முன் பழைய ஃபிஃபா கேம்கள் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடலாம், புதிதாக வாங்க டிஸ்க்தான் கதி.

ஆகஸ்டு வந்துவிட்டால் நான் இந்த வருஷத்து கேமை எந்த விலைக்கும் வாங்குவதில்லை. தனியாகக் கேரியர் ஆட மட்டும் என்றால் சரி. ஆன்லைன் கூட்டம் ஐந்தாறு வாரத்தில் அடுத்த எண்ணுக்கு வண்டி ஏறிவிடும்.

கடைசியாக, பெட்டி விலைக்கு வெளியே போகும் காசு

பெற்றோர் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அட்டைப் பொட்டலம் வாங்குவதற்காக நிஜக் காசு கொடுத்து வாங்கும் எஃப்சி புள்ளிகளும், என்பிஏ 2கே-யின் விசி என்ற கேம் பணமும் கேம் விலையைத் தாண்டிப் போகக் கூடியவை. பெல்ஜியம் இந்தப் பொட்டலங்களைச் சூதாட்டமாகவே கருதியதால் 2019 ஜனவரியில் ஈஏ அங்கே அந்தப் புள்ளி விற்பனையையே நிறுத்தியது. முதல் மாதம்தான் எல்லார் அணியும் மெலிந்திருக்கும் என்று சொன்னேன் அல்லவா, பிள்ளைக்குக் காசு போட்டு முந்த வேண்டும் என்ற அரிப்பு மிகுந்திருப்பதும் அதே மாதம்தான். பிளேஸ்டேஷன் குடும்பக் கணக்கில் பிள்ளையின் மாதச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கலாம். எஃப்சிக்குள்ளேயே “பிளேடைம்” என்ற பகுதியில் எத்தனை ஆட்டம், எத்தனை பொட்டலம், எவ்வளவு புள்ளி என்று எல்லை போடலாம். கேமை நிறுவும் அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள். இரண்டாவது வாரம் செய்யப் போனால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும், வீட்டில் ஒரு சண்டை நிச்சயம்.

எங்கள் வீட்டில் இப்போது குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. செப்டம்பர் கடைசி வெள்ளியில் “பத்து மணி நேரம்” என்று நான் எழுதியிருக்கிறேன். நவம்பர் கடைசி வெள்ளியில் “வாங்கு” என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மகன் பச்சைப் பேனாவால் ஒரு ஆச்சரியக்குறி போட்டு வைத்திருக்கிறான்.